உலான்பாத்தருக்குள் ஒரு பகதூர்

உலான்பாத்தர் என்றால் 'சிவந்த வீரன்'. மங்கோலியாவின் தலைநகரில் எல்லோரும் 'பாத்தர்' என்றுதான் சொல்கிறார்கள். அதையே மங்கோலிய மொழியின் பழைய செங்குத்து எழுத்தில் எழுதச் சொன்னால் 'பகதுர்' என்று எழுதுவார்கள். கேட்ட பெயர்தானே? துருக்கியரும் மங்கோலியரும் வழங்கிய இந்தச் சொல்தான் பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, ராவ் பகதூர், திவான் பகதூர் என்று நம்மூர்ப் பட்டமும் ஆனது. மங்கோலியர் பேச்சில் நடுவிலிருந்த 'க' காலப்போக்கில் தேய்ந்துபோக, இரு பக்கத்து உயிரொலிகளும் ஒட்டி நெடிலாகிவிட்டன. 'ககன்' கான் ஆனதும் அப்படித்தான். எழுத்து மட்டும் செங்கிஸ் கான் காலத்து உச்சரிப்பை விடாமல் வைத்திருக்கிறது.

1204-இல் நைமன் இனத்தாரை வென்றபோது பிடிபட்ட தாத்தா தோங்கா என்ற உய்குர் (ஒரு துருக்கிய இனம்) எழுத்தரைக் கொண்டு செங்கிஸ் கான் இந்தச் செங்குத்து எழுத்தைத் தொடங்கி வைத்தார் என்பது வரலாற்று வழக்கு. உய்குர் எழுத்துக்குத் தாய் நடு ஆசியாவின் சோக்திய எழுத்து, அதற்கு மூலம் மேற்காசியாவின் பழைய எழுத்தான அரமேயம். அரமேயம் வலமிருந்து இடமாக ஓடும். ஓர் உருதுச் செய்தித்தாளை எடுத்து இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். வரிகள் மேலிருந்து கீழே இறங்கும். முதல் வரி இடது ஓரத்தில் நிற்கும். மங்கோலிய எழுத்தும் அப்படித்தான் போகிறது. பழைய சீன எழுத்தும் மேலிருந்து கீழேதான் என்றாலும், அதன் முதல் வரி வலது ஓரத்தில் இருக்கும்.

எழுத்தின் உறுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். நடுக்கோடு முதுகெலும்பு. அதிலிருந்து துருத்தும் சிறு கூர் பல். புடைத்த வளைவு வயிறு, சொல் முடிவில் வரும் இழுப்பு வால். சொல்லின் நடுவே வரும் 'அ' வெறும் ஒரு பல்தான். 'எ'யும் அதே பல். 'ந' என்ற எழுத்தும் பல்தான்; பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், பழைய சுவடிகளில் பல நேரம் அதுவும் இருக்காது.

அப்புறம் எப்படிப் படிப்பது? மொழியே கைகொடுக்கிறது. மங்கோலியத்தில் உயிரொலிகள் இரண்டு கூட்டம். அ, ஒ, உ ஒரு பக்கம். எ-யும் இதழ் குவித்து முன்நாவால் ஒலிக்கும் இரண்டும் மறுபக்கம். 'இ' யாரோடும் சேரும். மற்றபடி ஒரு சொல்லுக்குள் கூட்டங்கள் கலப்பதில்லை. முதல் உயிரொலி தெரிந்தால் மீதி பெரும்பாலும் தானே வந்துவிடும். 'கர்' என்றால் கை, 'கெர்' என்றால் கூடார வீடு. கையிலிருந்து: 'கராஸ்'. வீட்டிலிருந்து: 'கெரேஸ்'. புத்தகத்திலிருந்து: 'நொமோஸ்'. ரஷ்ய மொழியின் எழுத்தான, இப்போது மங்கோலியாவிலும் வழங்கும் சிரில்லிக்கில் இந்த விகுதிகளை வேறு வேறாக எழுத வேண்டும். பழைய எழுத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். எதை ஒலிப்பது என்பது படிப்பவர் வாய்க்குத் தெரியும்.

சோவியத் செல்வாக்கில் 1941-இல் மங்கோலியா சிரில்லிக்குக்கு மாற முடிவெடுத்தது, 1946-இல் அது அதிகாரபூர்வமானது. ரஷ்ய எழுத்துகள் 33, கூடுதலாக இரண்டு. பேசுவதை எழுதலாம் என்பதால் கற்பது எளிது. அந்த வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சீனாவின் உள் மங்கோலியாவில் செங்குத்து எழுத்தே தொடர்ந்தது. ஒரே மொழி, எல்லையின் இரு பக்கமும் இரு எழுத்து.

இப்போது மங்கோலியா செங்குத்து எழுத்தைத் திரும்ப அழைக்கிறது. 2025 முதல் அரசு ஆவணங்கள் இரண்டு எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'பாத்தர்' என்று சொல்லி வளர்ந்த அலுவலர் இனி இரண்டாவது வடிவத்தில் அந்தக் 'க'வைத் தேடிப் போட வேண்டும்.