திங்கட்கிழமைத் தட்டும் சனிக்கிழமை விசேஷமும்

மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். சில வார ஆராய்ச்சிக்காக எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே ஒன்று கேட்பேன்: “இந்த வாரம் வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா?” விடுப்பு கேட்பார்களோ என்ற கவலையால் அல்ல. ஆய்வகத்திலிருந்து நேராக உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களின் பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தக் கேள்வியை நான் கேட்க ஆரம்பித்ததற்கு ஒரு மாணவியின் ஒரு வாரம்தான் காரணம்.

அவள் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான கிருமிகள் எந்த ஆண்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுகின்றன என்று பார்ப்பது அவளுக்குக் கொடுத்த வேலை. திங்கட்கிழமை மாதிரியை அகார் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் ஜெல்லி பரப்பிய தட்டில், கோடு கோடாக இழுத்துவிட்டு, சூடு மாறாத பெட்டியான இன்குபேட்டரில் வைத்தாள். செவ்வாய் காலையில் தட்டைப் பார்த்தால் இரண்டு விதமான காலனிகள் (புள்ளி புள்ளியாகத் தெரியும் கிருமிக் கூட்டங்கள்) வளர்ந்திருந்தன. கலப்படம். வேண்டிய காலனியை மட்டும் தொட்டெடுத்துப் புதிய தட்டில் மறுபடியும் வளர்க்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் போயிற்று.

புதன்கிழமைதான் உண்மையான சோதனை. கிருமியை உப்புநீரில் கலக்கி, கலங்கல் சரியான அளவில் இருக்கிறதா என்று ஒப்பிட்டு, தட்டு முழுவதும் சீராகப் பூசி, அதன்மேல் 6 மி.மீ. விட்டமுள்ள மருந்து வில்லைகளை இடைவெளி விட்டு வைத்தாள். 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏழு மணி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு எழுதுவதற்கில்லை.

வியாழன் காலை அவள் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, அளவுகோலோடு குனிந்திருந்த காட்சி நினைவில் இருக்கிறது. கிருமியைத் தடுத்த வில்லைகளைச் சுற்றித் தெளிவான வட்டங்கள். ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வட்டமே இல்லை. அதன் விளிம்பு வரைக்கும் கிருமி அடர்ந்து வளர்ந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு, “இந்த வில்லை காலாவதி ஆகியிருக்குமோ, மேடம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கிருமியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் தன் வேலையைச் சந்தேகித்தாள். இதைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை, எப்படி நடந்துகொள்ளும் என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கிருமியையும் சேர்த்து மறுபடி சோதித்தாள். சனிக்கிழமை காலை அந்த ஒப்பீட்டுத் தட்டில், அதே வில்லையைச் சுற்றி வட்டம் சரியான அளவில் இருந்தது. ஆக, வில்லையில் கோளாறு இல்லை. நோயாளியின் கிருமி அந்த மருந்தை எதிர்த்து நிற்கிறது. ஆறு நாள் உழைப்புக்குப் பிறகு நோட்டில் ஒரே ஒரு வரி. மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே பெரியப்பாவுக்கு மூன்று நாளாகத் தொண்டை வலி, மூக்கொழுகல். இவளைக் கண்டதும், “நீதான் டாக்டராயிற்றே அம்மா, நல்ல ஆண்டிபயாடிக்காக ஒன்று சொல்” என்றாராம். பெரியம்மா அலமாரியைத் திறந்து, யாருக்கோ எப்போதோ கொடுத்ததில் மிஞ்சிய நான்கு மாத்திரைகளை எடுத்து வந்து, “இது ஆகுமா பார்” என்றாராம். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, “நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பெரியப்பா. தொண்டையைச் சோதித்துப் பார்க்காமல் மருந்து சொல்லக் கூடாது. இந்த மாத்திரைகளும் வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமை இதைச் சொன்னபோது இவள் முகமும் வாடித்தான் இருந்தது. “ஒரு கிருமியைப் பற்றிச் சொல்லவே எனக்கு ஆறு நாள் ஆயிற்றே, மேடம்” என்றாள்.

அவள் செய்தது முழுக்கச் சரி. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. வைரஸை ஆண்டிபயாடிக் தொடுவதே இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவதும் உண்டு; அதை மருத்துவர் பார்த்து, தேவையானால் சோதித்து, சரியான மருந்தை முழு அளவில் தர வேண்டும். மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, வாயைத் திறக்க முடியாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் விசேஷ வீட்டில் உட்கார்ந்து ஆலோசனை கேட்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

1928 ஆகஸ்ட் மாதத்தைக் குடும்பத்தோடு கழித்துவிட்டு செப்டம்பர் 3 அன்று லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃப்ளெமிங், மேசையில் விட்டுப்போன தட்டு ஒன்றில் பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதைக் கண்டார். பென்சிலின் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1945 டிசம்பரில் நோபல் உரையில் அவர் ஒரு வீட்டைக் கற்பனை செய்து காட்டியது அந்த அளவுக்குப் பரவவில்லை. தொண்டை வலி வந்த கணவர் தானாகவே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகுகிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. இப்போது பென்சிலின் கொடுத்தும் பயனில்லை, மனைவி இறந்துபோகிறார். மிஞ்சிய நான்கு மாத்திரைகளை யாராவது நீட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மனைவியின் ஞாபகம் வரும்.

பெரியப்பாவின் கதையைச் சொல்லி முடித்ததும் மாணவி கொஞ்சம் தேறி, தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அக்காவின் நான்கு வயதுக் குழந்தை, கால்வரை தொங்கும் வெள்ளைக் கோட்டில், முன்கை முழுவதையும் விழுங்கிய நீளக் கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறது. கோட்டின் நுனி வாயில் இருந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஆறு நாள் எங்கள் மேசையில் உரசிய கோட்டு அது. படத்தைக் காட்டிய கைப்பேசியும், வியாழக்கிழமை தட்டுகளைப் படமெடுக்கக் கையுறையோடு தொட்ட அதே கைப்பேசி.

2011இல் அமெரிக்காவில் 109 பேருக்குப் பரவிய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவின் தொற்றை, நுண்ணுயிரியல் ஆய்வகங்களோடு தொடர்புடையது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. ஆய்வகத்தில் படிப்பவர்கள், வேலை செய்பவர்கள் வீட்டுக் குழந்தைகளும் நோயில் விழுந்தார்கள். அந்தக் குழந்தைகள் ஆய்வக வாசலை மிதித்தவர்கள் அல்ல. பையோ, பேனாவோ, கழுவாத கையோ கிருமியை அவர்களிடம் கொண்டு சேர்த்திருக்க வேண்டும்.

நல்ல வேளையாக அந்தக் குழந்தைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் தவறு என்னுடையது. தட்டில் இழுப்பதை, வட்டம் அளப்பதையெல்லாம் கற்றுக்கொடுத்த நான், கோட்டை எங்கே விட வேண்டும் என்று முதல் நாள் சொல்லவில்லை. அந்த வாரமே கதவருகில் ஆணி அடித்துக் கொக்கிகள் மாட்டினோம். கோட்டு அங்கேயே இருக்கும். துவைப்பது எங்கள் பொறுப்பு. கைப்பேசி வெளியே இழுப்பறையில். ஆய்வக நோட்டும் பேனாவும் வீட்டுக்குப் போவதில்லை. கிளம்பும்போது சோப்புப் போட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல், 40 விநாடியாவது கழுவ வேண்டும். சானிடைசர் போதாதா என்று கேட்பவர்களிடம், சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசைவதில்லை என்று சொல்வேன்.

பெரியப்பாவின் தொண்டை, மருந்தில்லாமலே அந்த வாரத்துக்குள் சரியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவரே மாணவிக்குப் போன் செய்திருக்கிறார். பேரனுக்குக் காய்ச்சலாம். இந்த முறை மாத்திரையின் பெயரைக் கேட்கவில்லை. எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்று கேட்டாராம்.