காருக்கு விழும் பச்சை, மோட்டாருக்கு விழாதது ஏன்?

விடியற்காலை ஐந்தரை மணி. தோட்டத்துச் சாலை வந்து கூட்டரசு சாலையில் சேரும் முச்சந்தி. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் இந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பலரும் மோட்டாரில்தான், அதாவது மோட்டார் சைக்கிளில்தான் போவார்கள். சைக்கிள் மிதிப்பவர்களும் உண்டு. பெரிய சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது, நமக்கு மட்டும் சிவப்பு மாறவே மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரு கார் வந்து நின்றதும் பச்சை விழுகிறது. விளக்குக்குக் கார் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்போல என்று பலரும் சொல்வார்கள். ஏறக்குறைய உண்மைதான். ஆனால் பல சந்திப்புகளில் அந்தக் கண் கம்பத்தில் இல்லை, தாருக்கு அடியில் இருக்கிறது.

வெளிச்சம் வந்த பிறகு நிறுத்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் சாலையைப் பாருங்கள். விரல் அகலத்துக்கும் குறைவான கறுப்புக் கோடு சதுரமாகவோ நீள்சதுரமாகவோ ஓடினால், அதுதான் உணர்சுருள். தாரை 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அறுத்து, உறை போட்ட செம்புக் கம்பியை மூன்று நான்கு சுற்றுப் போட்டு, மேலே பசை ஊற்றி மூடியிருப்பார்கள். சதுரத்தின் ஒரு பக்கம் பெரும்பாலும் 1.8 மீட்டர் இருக்கும். கம்பியின் இரு முனைகளும் சாலையோரக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகின்றன.

பெட்டிக்குள் இருக்கும் கருவி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்னோட்டத்தை அந்தக் கம்பியில் ஓட்டுகிறது. கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. உலோகம் ஒன்று மேலே வந்தால், அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து அந்தப் புலத்தை எதிர்க்கும். சுருளின் மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, கொஞ்சம் குறையும்; மின்னோட்டம் நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்ற அதிர்வெண் கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தை வைத்தே வண்டி வந்துவிட்டதென்று கருவி முடிவு செய்கிறது. எடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இஞ்சினுக்கு அடியில் காந்தம் ஒட்டிக்கொள்வதாலும் பயனில்லை. சுருளுக்குத் தேவை மின்சாரம் பாயக்கூடிய உலோகப் பரப்பு.

கார் மேலே நின்றால் மின்தூண்டல் ஏறத்தாழ 3 விழுக்காடு மாறும். சிறிய மோட்டாருக்கு அந்த மாற்றம் 0.13 விழுக்காட்டு அளவில்தான் இருக்கும், அதாவது காரைவிட இருபது மடங்குக்கும் மேல் குறைவு. கருவியின் உணர்திறனைக் காருக்கு மட்டும் பார்த்து வைத்துவிட்டால், கப்சாய் எனும் சிறிய மோட்டார் வந்து நின்றது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. ஓடும் ஆற்றில் ஒரு வளையலைப் பிடித்துப் பாருங்கள். நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்தால் தண்ணீர் வளையலுக்குள் புகுந்து போகும். பக்கவாட்டில் திருப்பினால் உள்ளே எதுவும் போகாது. சக்கரத்தின் உலோக ரிம் அந்த வளையல், காந்தப்புலம் ஆற்று நீர். சதுரத்தின் நடுவில் புலம் கீழிருந்து மேலாக எழும்புகிறது. சக்கரமும் நிமிர்ந்தே நிற்பதால் ரிம்முக்குள் புகாமல் போய்விடும். கம்பிக்கு நேர் மேலேயோ புலம் படுக்கையாக வளைகிறது. ரிம்முக்குள் நேராகப் புகும். அதனால் பாதையின் நடுவில் நிற்காதீர்கள். நாம் போகும் திசையிலேயே ஓடும் பக்கக் கோட்டின் மேல் இரண்டு சக்கரங்களையும் ஏற்றி நிறுத்துங்கள். சதுரத்தின் நடுவில் நாம் போகும் திசையிலேயே இன்னொரு கோடு தெரிந்தால் அது எட்டு வடிவச் சுருள். அதில் நடுக்கோடுதான் வலுவான இடம். அலுமினிய ரிம் மிக நன்றாக வேலை செய்யும். கார்பன் ரிம் போட்ட சைக்கிளை உணர்வது கடினம்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு வேறு. சிவப்பு விழுந்ததும் மோட்டார்கள் கார்களுக்கு நடுவே புகுந்து, நிறுத்தக் கோட்டையும் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் வரிக்கோட்டின் மேலேயே போய் நிற்கின்றன. சுருள் பின்னாலேயே இருந்துவிடுகிறது. வண்டி சுருளைவிட்டு நகர்ந்ததும் பச்சைக்கான கோரிக்கை அழிந்துவிடும்படி கருவியை அமைத்திருந்தால், வரும்போது பதிவானதும் போய்விடும். பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் அந்த மோட்டார்களைச் சுற்றி, ஓடும் வண்டிகளுக்குப் பக்கத்தில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் நிற்பதால் இரண்டு சிக்கலும் தீரும்.

சுருளும் கெட்டுப்போகும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நின்று கிளம்பும் இடத்தில் தார் பள்ளம் விழுந்து கம்பியை இழுக்கும். வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கி உறையைக் கெடுக்கும். சாலையைச் சுரண்டிப் புதுத் தார் போடும்போது கம்பியே அறுந்துவிடுவதும் உண்டு. கம்பி அறுந்தால், வண்டி நிற்பதாகவே வைத்துக்கொள்ளும்படி பல கருவிகளை அமைத்திருப்பார்கள். அப்போது ஆளில்லாத பாதைக்கு நள்ளிரவிலும் ஒவ்வொரு சுற்றிலும் பச்சை விழும். காருக்கு விழுந்து மோட்டாருக்கு மட்டும் விழவில்லையென்றால் கம்பி நன்றாக இருக்கிறது, உணர்திறன்தான் போதவில்லை. அதைக் கூட்டலாம், ஆனால் அளவோடு. மிஞ்சினால் பக்கத்துப் பாதையில் போகும் லோரியையும் நம் பாதையில் நிற்பதாக எண்ணிவிடும்.

நடப்பவர்களுக்குப் பொத்தான். ஒருமுறை அழுத்திப் பதிவாகிவிட்டால் போதும், பத்துமுறை அழுத்தினாலும் பச்சை மனிதன் சீக்கிரம் வரமாட்டான். கடக்கும் நேரத்தைப் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்கிடுவார்கள். 14 மீட்டர் சாலைக்கு ஏறக்குறைய 12 நொடி. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அது போதாது. பச்சை மனிதன் மின்னத் தொடங்கிய பிறகு அவரை இறக்கிவிடாமல், அடுத்த சுற்றுக்கு நிறுத்திவைப்பதே நல்லது.

புகார் செய்யும்போது "விளக்கு கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதினால், வருகிறவர் பகலில் காரில் வந்து நிற்பார், பச்சை விழும், எல்லாம் சரியென்று போய்விடுவார். கூட்டரசு சாலை என்றால் பொதுப்பணித் துறைக்கு, நகரச் சாலை என்றால் நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். எந்தச் சந்திப்பு, எந்தத் திசையிலிருந்து வரும் பாதை, எத்தனை மணி, சுருளின் கறுப்புக் கோட்டின் மேல் நின்று எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், கார் வந்ததும் மாறியதா என்பதையெல்லாம் குறிப்பிடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண் இருந்தால் அதையும், தாரில் தெரியும் கறுப்புக் கோட்டின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.