செத்த கடற்பஞ்சில் எதைத் தேடுகிறீர்கள்?

மீண்டும் ஒரு பார்சல். நெகிழிப் பைக்குள் வெதுவெதுப்பான கடல்நீர். அதில் நிறம் மாறி, நாறத் தொடங்கிவிட்ட கடற்பஞ்சு ஒன்று. கூடவே ஒரு சீட்டு: ‘இதில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டறிந்து சொல்லவும்.’ சொல்லலாம்தான். ஆனால் அது அந்தப் பஞ்சில் வாழ்ந்தவற்றின் பட்டியலாக இருக்காது. அது செத்த பிறகு தின்ன வந்தவற்றின் பட்டியலாக இருக்கும்.

கடற்பஞ்சு ஓயாமல் நீரை இறைத்து வாழும் விலங்கு. சில இனங்கள் கிலோவுக்கு நாளொன்றில் ஆயிரக்கணக்கான லிட்டர் இறைக்கின்றன. அந்த ஓட்டத்தை நிறுத்திப் பையில் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

என் பொறுமையைச் சோதிப்பது வேறொன்று. ‘அகார் தட்டில் இத்தனை வகை வளர்ந்தன, ஆகவே இந்தப் பஞ்சின் நுண்ணுயிர்க் கூட்டம் இதுவே’ என்ற வரி. (அகார் தட்டு என்பது நுண்ணுயிர் வளர்க்க ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டு.) மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளில் இதை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. தட்டில் வளர்ந்தவை உங்கள் ஊட்டக் கலவை பிடித்துப்போனவை, அவ்வளவுதான். நுண்ணுயிர் செறிந்த பஞ்சினங்களில் ஒரு கிராம் திசுவுக்குள் பத்துக் கோடி முதல் ஆயிரம் கோடி வரை நுண்ணுயிர்கள் இருக்கும். சிலவற்றில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவையே. இவற்றுள் தட்டுக்கு வருபவை மிகச் சொற்பம். 2004இல் பஞ்சுகளில் வாழும் போரிபாக்டீரியா என்ற தனிப் பெரும் பாக்டீரியாப் பிரிவு அறிவிக்கப்பட்டது. தட்டில் முளைத்து அது யாருக்கும் தரிசனம் தரவில்லை. பஞ்சிலிருந்து எடுத்த டிஎன்ஏவின் வரிசையைப் படித்தபோதுதான் பிடிபட்டது. தியோனெல்லா ஸ்வின்ஹோய் என்ற பஞ்சின் ஒரு வகையில் கிடைத்த வீரியமான சேர்மங்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்வது என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியா என்பது 2014இல் வெளிவந்தது. அதுவும் மரபணுத் தொகுதியைப் படித்ததால்தான். மருந்து தேடுகிறேன் என்று தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். வளர்ப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. கையில் ஒரு உயிருள்ள பாக்டீரியா இருப்பது பெரிய சொத்து. அதற்குக் ‘கூட்டம்’ என்று பெயர் சூட்டாதீர்கள்.

டிஎன்ஏ வரிசையிடுபவர்களும் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டாம். பக்கத்துக் கடல்நீரின் மாதிரி எங்கே? பஞ்சு பாக்டீரியாவை வடிகட்டித் தின்கிறது. நீர் மாதிரி இல்லாவிட்டால் குடியிருப்பவர் யார், வழிப்போக்கர் யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? நுண்ணுயிர் குறைந்த இனங்களில் எண்ணிக்கை கடல்நீரை ஒட்டியே இருக்கும். அங்கே இந்தக் குழப்பம் இன்னும் மோசம். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் வேதிப்பொருள் தொகுப்பிலேயே (கிட்) வேண்டாத டிஎன்ஏ இருப்பதுண்டு என்பதால், திசு சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். வெற்று மாதிரியில் எதுவும் வராது என்று நம்புபவர்கள் அதை ஓட்டிப் பார்க்காதவர்களே.

சரி, மாதிரியை எப்படி எடுப்பது? நீருக்கடியிலேயே ஒரு பைக்கு ஒரு பஞ்சு என்று போட்டு மூடுங்கள். படகில் ஏறியதும், வடிகட்டிக் கிருமி நீக்கிய கடல்நீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அல்ல! மேலே ஒட்டியிருக்கும் பாசியையும் புழுவையும் நீக்கிவிட்டுச் சிறு துண்டுகளாக்கி, திரவ நைட்ரஜனிலோ ஆர்என்ஏலேட்டர் எனும் பதப்படுத்தும் திரவத்திலோ எத்தனாலிலோ அங்கேயே போடுங்கள். கரை சேரும்வரை காத்திருக்காதீர்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுக்கும். தட்டில் வளர்க்கவும் போகிறீர்கள் என்றால் அதற்கான துண்டைப் பதப்படுத்தாமல் பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேருங்கள். ஓர் இனத்துக்குக் குறைந்தது மூன்று தனி விலங்குகள் வேண்டும். ஒரே பஞ்சை மூன்றாக வெட்டினால் அது மூன்று ஆகாது. இனத்தை உறுதிசெய்ய, ஸ்பிக்யூல் எனும் நுண்முட்களைப் பார்ப்பதற்கென்று ஒரு துண்டைத் தனியே எத்தனாலில் வையுங்கள். ‘மஞ்சள் நிறப் பஞ்சு’ என்று எழுதி அனுப்பினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, இது வேண்டுகோள். பாறையிலிருந்து அடியோடு பெயர்க்காதீர்கள். ஓரத்தில் விரலளவு வெட்டினால் வேலைக்குப் போதும். பல இனங்கள் அந்தக் காயத்தை ஆற்றிக்கொண்டு மீண்டும் வளரும். அடுத்த பருவத்தில் அதே பஞ்சிடம் போய் இன்னொரு துண்டு எடுத்து ஒப்பிடவும் முடியும்.