ஃபைபர் போட்டால் கம்பியைக் குறைக்கலாமா?

சென்னை மடிப்பாக்கத்தில் தளம் போட்ட மறுநாளே விரிசல் என்று ஒருவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மாடி முழுக்க முழ நீளக் கோடுகள், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக. “ஃபைபர் கலந்துதானே போட்டோம் சார்?” என்று, கான்கிரீட்டில் கலக்கும் பிளாஸ்டிக் இழையைச் சொல்லி, வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். கம்பி கட்டியதும் எடுத்து ஒப்பந்தக்காரர் கைப்பேசியில் வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. 5 அங்குலத் தளம். குறுக்குக் கம்பி 8 மி.மீ., 300 மி.மீ. இடைவெளி என்று வரைபடத்தில் இருக்கிறது. கட்டியிருப்பதோ 450 மி.மீ. காரணம் கேட்டால், “அதுதான் ஃபைபர் போடுகிறோமே!”

இந்தப் பேச்சை வேளச்சேரியிலும் கேட்டுவிட்டேன், போரூரிலும் கேட்டுவிட்டேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய, பெரும்பாலும் 12 மி.மீ. நீளமுள்ள பாலிபுரொப்பிலீன் இழை. ஒரு சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம் என்று போட்டால், ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 900 கிராம் வரும். அதன் வேலை முதல் சில மணி நேரம்தான். கான்கிரீட் இறுகாமல் கிடக்கும்போது மேல்பரப்பு காய்ந்து கிழியாமல் பிடித்துக்கொள்ளும். இறுகிய பிறகு அதற்குப் பெரிய வேலை இல்லை. எம்25 தரக் கான்கிரீட்டின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்த இழைக்கு இருக்கும். இரும்புக் கம்பிக்கோ எட்டு மடங்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்கும் குறைந்தபட்சக் குறுக்குக் கம்பி, தளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.12 சதவீதம். கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு 9 கிலோவுக்கு மேல் இரும்பு. அந்த இரும்பின் வேலையை 900 கிராம் பிளாஸ்டிக் செய்யும் என்று எந்தப் பொறியாளர் உங்களுக்குச் சொன்னார்? மாதங்கள் கழித்துத் தளம் உலர்ந்து சுருங்கும்போது விரிசலை அகலவிடாமல் பிடிப்பது கம்பிதான். (தொழிற்கூடத் தரைகளில் போடும் எஃகு இழை வேறு சமாச்சாரம். அது கிலோ கணக்கில், வடிவமைப்போடு போடுவது. அதைக் காட்டி இதை விற்காதீர்கள்.)

சரி, மறுநாளே வந்த விரிசலை ஃபைபர் தடுத்திருக்க வேண்டாமா? கலந்திருந்தால் ஓரளவு தடுத்திருக்கும். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்ற பிறகு பாக்கெட்டுகளைக் கொட்டி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கியிருக்கிறார்கள். தளத்தின் ஓரத்தில் இழைகள் பஞ்சு உருண்டையாகவே ஒட்டிக் கிடந்தன. மற்ற இடத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பிளாண்டிலேயே போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் லாரியில் போட்டு ஐந்து நிமிடமாவது முழு வேகத்தில் சுற்றவிடுங்கள். இழை சேர்ந்தால் கலவை கெட்டியாகத் தெரியும். உடனே மேஸ்திரி ஹோஸைத் தூக்குவார், விடாதீர்கள். கூடுதல் தண்ணீர்தான் பின்னால் வரும் சுருக்கத்துக்கு முதல் காரணம். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் மேல், மே மாத வெயிலில் பகல் பதினொரு மணிக்கு ஆரம்பித்திருக்கிறார்கள். கடல்காற்று வரும்வரை அடிப்பது வறண்ட மேல்காற்று. ஈரத்தை உறிஞ்ச அது போதும். தேய்த்து முடித்த தளத்தை மூடவில்லை, மறுநாள் காலையில்தான் தண்ணீர். விடியற்காலையில் ஆரம்பியுங்கள். மேல்பரப்பில் ஈர மினுமினுப்பு அடங்கியதும் பிளாஸ்டிக் விரிப்பையோ ஈரச் சாக்கையோ போர்த்துங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். நம் ஊரில் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்தான் வருகிறது. அதற்குப் பத்து நாளாவது வேண்டும். கோடையில் டேங்கர் தண்ணீர் என்ன விலை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு ஆறாம் மாதம் ஒழுகலுக்கு ரசாயனம் பூசுவதைவிட அது மலிவு.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் வருவதற்கு முன்பே, டேப்பை வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். தளம் போடும் நாளில் பூஜை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தேய்த்து முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேலே ஏறி ஓரமாக நின்று பாருங்கள். மெல்லிய கோடு தெரிந்தால், இறுகுவதற்குள் மரக்கட்டையால் அந்த இடத்தை மறுபடி அழுத்தித் தேய்க்கச் சொன்னால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மேலே சிமெண்ட் தூளைத் தூவ மட்டும் விடாதீர்கள்.