பதில் வாங்கும் பக்கமும் உடையும்

2020 மார்ச் 11, புதன்கிழமை. காலையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து, "வேலை முடிஞ்சது சார், கவலைப்படாதீங்க" என்றேன். சாயங்காலம் அதே நம்பருக்கு மறுபடி கூப்பிட்டு, "இன்னும் முடியல சார்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"சர்வர்ல போட்டாச்சுன்னு காலைலதானே சொன்னீங்க தம்பி?"

போட்டாச்சு, உண்மைதான். கோளாறு சர்வர் பக்கத்தோடு நிற்கவில்லை என்பதைச் சரியாகப் படிக்காமல் விட்டது நான்தான்.

அதற்கு முந்தின நாள், மைக்ரோசாஃப்ட் மாதாந்திர பேட்ச், அதாவது மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம், வெளியிடும் செவ்வாய். அந்தப் பட்டியலில் இல்லாத ஓர் ஓட்டையைப் பற்றி இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் தவறுதலாக விவரம் வெளியிட்டுவிட்டன; அவற்றில் ஒன்று பிறகு நீக்கியது. நீக்கி என்ன பயன், அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். ஓட்டைகளுக்குப் பொதுவாக இடும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2020-0796 என்பது அதன் எண். எஸ்எம்பி கோஸ்ட் என்ற பெயர்தான் நிலைத்தது. விண்டோஸ் 10-இன் 1903, 1909 பதிப்புகளில், கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி 3.1.1 நெறிமுறையின் கம்ப்ரெஷன் (தரவைச் சுருக்கும்) பகுதியில் கோளாறு. கேபி4551762 என்ற பேட்ச் மார்ச் 12 அன்றுதான் வந்தது. அதுவரை, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிக் கம்ப்ரெஷனை அணைத்து வையுங்கள் என்றது மைக்ரோசாஃப்ட்.

நான் பார்த்துக்கொள்ளும் சின்ன அலுவலகங்களில் 'சர்வர்' என்பது பெயருக்குத்தான். மூலையில் ஒரு விண்டோஸ் 10 பிசி, அதில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஷேர் ஃபோல்டர், மேலே 'ஆஃப் பண்ணாதீர்கள்' என்று ஒட்டிய காகிதம். அந்த பிசிகளில் எல்லாம் மதிப்பை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மாலையில் அறிவிப்பை மறுபடி திறந்தபோதுதான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. இந்த மாற்றம் எஸ்எம்பி கிளையன்டுகளை, அதாவது சர்வரிடம் ஃபைல் கேட்டு வாங்கும் மெஷின்களை, காப்பாற்றாது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். சர்வர் பிசி ஒன்று. அதிலிருந்து ஃபைல் எடுக்கும் பிசிகள் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டும் அப்படியேதான் இருந்தன.

சர்வர் என்றால் கதவைத் திறந்து வைத்திருக்கும் கடை, திருடன் வந்தால் அங்கேதான் வருவான், போய் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு என்ன ஆபத்து என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் போய்க் கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலும் வெளியிலிருந்து வரும் பைட்டுகள்தான். அவற்றைப் பிரித்து, நீளம் பார்த்து, மெமரியில் இடம் ஒதுக்கி, உள்ளே எடுத்து வைக்கிற வேலை கிளையன்டுடையது. எதிரில் இருப்பது ஒழுங்கான சர்வர்தான் என்று நம்பி எழுதிய நிரல், எதிரில் வேறு எவனோ உட்கார்ந்திருந்தால் தடுமாறும்.

விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்தால் 'சர்வர்' என்று ஒன்றும் 'ஒர்க்ஸ்டேஷன்' என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும். முதலாவது நம்முடைய ஃபைலை மற்றவர்களுக்குக் கொடுக்க. இரண்டாவது மற்றவர்களுடைய ஃபைலை நாம் எடுக்க, அதுதான் கிளையன்ட். ஒரு ஷேர்கூடப் போடாத லேப்டாப்பிலும் அது வழக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில் இருக்கும் டிரைவர்கள் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், இயங்குபவை. பிரவுசரில் ஒரு கோளாறு என்றால் பெரும்பாலும் அந்த டேப் மூடிக்கொள்ளும். கெர்னல் டிரைவரில் மெமரி தவறினால் மொத்த மெஷினும் நீலத் திரை. அது அதிர்ஷ்டம் உள்ள நாளில். அதிர்ஷ்டம் இல்லாத நாளில் எதிராளியின் நிரல், கெர்னலுக்கே உரிய அதிகாரத்தோடு உள்ளே உட்கார்ந்துவிடும்.

எஸ்எம்பி கோஸ்ட்டில் தவறியது ஒரு கூட்டல். சுருக்கி அனுப்பிய செய்தியின் முகப்பில் இரண்டு எண்கள் வரும். விரித்தால் எவ்வளவு பெரிதாகும் என்பது ஒன்று, சுருக்காத பகுதி எதுவரை என்பது மற்றொன்று. இரண்டையும் கூட்டி அந்த அளவுக்கு மெமரி ஒதுக்குவார்கள். இரண்டும் 32 பிட் எண்கள், கூட்டினால் வருவதும் 32 பிட்டுக்குள்தான் அடங்க வேண்டும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் 00000-க்குப் போய்விடும் அல்லவா, அதே கதைதான். 32 பிட்டில் அதிகபட்சம் 4,29,49,67,295. முதல் எண்ணாக அதையே போட்டு இரண்டாவதாக 16 போட்டால், கூட்டுத்தொகை 15 என்று வரும். 15 பைட்டுக்கு இடம் போதும் என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, அதற்குள் அதைவிடப் பெரியதை விரித்துக் கொட்டினால், பக்கத்து இடத்தில் இருந்ததெல்லாம் அழிந்து எழுதப்படும். 'கூட்டினால் வந்தது, கூட்டப்பட்டதைவிடச் சிறியதாக இருக்கிறதே' என்று ஒரு சோதனை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். சர்வருக்கு எதிராக என்றால் எதிராளி நேராகப் பாக்கெட் அனுப்பலாம். கிளையன்டுக்கு எதிராக என்றால் ஒரு போலி சர்வரை வைத்து, நம்மை அங்கே வரவழைக்க வேண்டும்.

இது முதல் முறையும் அல்ல. 2017 பிப்ரவரி தொடக்கத்தில் லோரான் காஃபியே என்ற ஆய்வாளர், விண்டோஸின் எஸ்எம்பி கிளையன்டைக் கவிழ்க்கும் ஒரு பைத்தான் நிரலைப் பகிரங்கமாக வெளியிட்டார். மைக்ரோசாஃப்ட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டதாகவும் சொன்னார். விண்டோஸ் ஷேர் ஒன்றுக்குள் நுழையும்போது கிளையன்ட் 'ட்ரீ கனெக்ட்' என்று ஒரு கோரிக்கை அனுப்பும். அதற்கான பதிலின் அமைப்பு 16 பைட் என்று நெறிமுறை நிர்ணயித்திருக்கிறது. அந்த 16-க்குப் பின்னால் வண்டி வண்டியாகக் குப்பையைச் சேர்த்து அனுப்பினால், கிளையன்ட் டிரைவர் இல்லாத முகவரியைத் தொட்டு மெஷினைச் சாய்த்துவிடும். வீட்டில் இரண்டு பழைய லேப்டாப்பை ஒரு கேபிளில் இணைத்து நானே பார்த்தேன். ஒன்றில் லினக்ஸில் அந்த நிரல், இன்னொன்றில் விண்டோஸ் 10. பாதையை அடித்து எண்டர் தட்டியதும் நீலத் திரை. பாஸ்வேர்ட்கூடக் கேட்கவில்லை.

அந்த ஓட்டையின் தீவிரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் விவகாரம் எனக்கு இன்னும் உறுத்தல். அமெரிக்காவின் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு மையம் முதலில் அதற்கு 10-க்கு 10 கொடுத்தது, வேற்று நிரலை ஓட்ட வைக்கலாம் என்ற ஐயத்தில். பிறகு 7.8 என்று குறைத்தது, மெஷின் சாய்வது மட்டும்தான் உறுதி என்று. முதலில் பதறிய கூட்டம் இரண்டாவது செய்தியோடு கலைந்துவிட்டது. 'டினையல் ஆஃப் சர்வீஸ்தானே, மெஷின் நிற்கும், அவ்வளவுதானே' என்று ஒரு நண்பர் தோளைக் குலுக்கினார். ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள், கணக்கு மென்பொருள் திறந்தபடி இருக்கிறது, அப்போது பிசி சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஓர் ஆடிட்டரிடம் விளக்கிப் பார்க்கட்டும்.

மைக்ரோசாஃப்ட் அந்த பிப்ரவரியில் மாதாந்திர பேட்ச்சையே தள்ளிப்போட்டது. ஆகவே மருந்து மார்ச் 14 அன்றுதான் வந்தது, எம்எஸ்17-012 என்ற தொகுப்பில், சிவிஇ-2017-0016 என்ற எண்ணோடு. அதே நாளில் வந்த எம்எஸ்17-010 தான் பின்னால் மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற நிரலால் ஊரறிந்தது. சர்வர் பக்கத்து ஓட்டைக்குக் கிடைத்த பேர், கிளையன்ட் பக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

இப்போது பலர் கேட்கும் கேள்வி: "நான் ஏன் எவனோ ஒருவனுடைய சர்வருக்குப் போகப்போகிறேன்?" நீங்கள் போக வேண்டாம், மெஷின் தானே போகும். மெயிலிலோ வேர்ட் ஃபைலிலோ ஒரு படத்தின் முகவரியாக இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் பாதை இருந்தால் போதும். பென் டிரைவில் வந்த ஷார்ட்கட்டின் ஐகான் வெளி சர்வரில் இருப்பதாக எழுதியிருந்தால், ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதே போதும். 2023 மார்ச்சில் திருத்தப்பட்ட அவுட்லுக் ஓட்டையில், நினைவூட்டலுக்கு ஒலிக்க வேண்டிய ஒலிக் கோப்பின் பாதையாக வெளி முகவரியைக் கொடுத்தார்கள். மெயிலை யாரும் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அதில் போனது பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவமான ஹேஷ்தான், மெமரி சேதம் இல்லை. ஆனால் கிளையன்டை வெளியே இழுக்கும் வழி அதேதான். ஒரே நெட்வொர்க்கில் உள்ளவன் என்றால் இன்னும் சுலபம். நீங்கள் சர்வர் பெயரைத் தப்பாக அடித்தால், 'அது நான்தான்' என்று பதில் சொல்லும் கருவிகள் உண்டு. அவற்றில் பிரபலமான ரெஸ்பாண்டரை எழுதியவரும் இதே காஃபியேதான்.

சரி, என்ன செய்யலாம். பேட்ச் போடுங்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஷேர் வைத்திருக்கும் பிசியோடு நிறுத்தாமல் எல்லா மெஷினுக்கும் போடுங்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிசப்ஷனில் இருக்கும் பிசி, முதலாளியின் மகன் வீட்டுக்கு எடுத்துப்போகும் லேப்டாப், எல்லாம் கிளையன்ட்தான்.

அதற்கு அடுத்தது, நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத ஒன்று. அலுவலகத்திலிருந்து வெளியே இணையத்துக்குப் போகும் டிசிபி 445, 139, யுடிபி 137, 138 போர்ட்களை, அதாவது ஃபைல் பகிர்வு பயன்படுத்தும் இணைப்பு வாசல்களை, ஃபயர்வாலில் மூடிவிடுங்கள். 2017-இல் செர்ட் சொன்னதும் இதையேதான். ஃபயர்வால் என்றாலே உள்ளே வருவதைத் தடுப்பது என்று நினைத்து, வெளியே போவதை அப்படியே திறந்துவிட்டிருப்பதைப் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன். அஸ்யூர் ஃபைல்ஸ் போன்ற இணையவழிக் கோப்புச் சேவையை 445 வழியாக இணைத்திருப்பவர்களுக்கு இது இடிக்கும். அவர்கள் அந்தச் சேவையின் முகவரிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். லேப்டாப்புகளில் விண்டோஸ் ஃபயர்வாலிலேயே, 'பப்ளிக்' நெட்வொர்க்கில் இருக்கும்போது 445 வெளியே போகக் கூடாது என்று விதி போட்டுவிடுகிறேன். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. அந்தப் பன்னிரண்டு பிசிகளில் ஐந்தைத் தூக்கிக்கொண்டு ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். அலுவலக ஃபயர்வால் கூடவா போகும்?

செய்திகளில் டிஜிட்டல் கையெழுத்துப் பார்க்கும் எஸ்எம்பி சைனிங் இருந்தால் இதெல்லாம் தேவையில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம்தான். நடுவில் புகுந்து பாக்கெட்டை மாற்றுகிறவனை அது தடுக்கும். எதிரில் உள்ள சர்வரே போலி, அதுவும் லாகினுக்கு முந்தைய பேச்சிலேயே கோளாறு என்றால், கையெழுத்து பார்க்கும் கட்டம் வருவதற்குள் கதை முடிந்திருக்கும்.

அப்புறம் பழைய எஸ்எம்பி 1. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. ஆனால் அலுவலகத்தில் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று இருக்கும்; ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்ப அதற்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். அதற்காகவே யாராவது மறுபடி இயக்கி வைத்திருப்பார்கள். ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பப் பழக்குங்கள்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கேயும் எஸ்எம்பி கிளையன்ட் கெர்னலுக்குள், சி மொழியில்தான் இருக்கிறது. 2023-இல் அதில் ஒதுக்கிய எல்லைக்கு வெளியே படிக்கும் ஓட்டைகள் இரண்டு, சிவிஇ-2023-6606, 6610 என்று பதிவாயின. மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் திருத்தும் ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு மெமரி சார்ந்தவை என்று அந்நிறுவனத்தின் பொறியாளரே 2019-இல் ஒரு மாநாட்டில் சொன்னார். மொழி மாறும் வரை இந்தச் சங்கதி தொடரும்.

ஆடிட்டர் அலுவலகத்துக்கே வருகிறேன். ஊரடங்கு தளர்ந்த பிறகு அங்கே 445-ஐ வெளியே போகவிடாமல் மூடி, தடுத்ததைப் பதிவு செய்யும்படி வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒரே பிசியிலிருந்து ஒரே வெளி முகவரிக்கு நூற்றுக்கணக்கான முயற்சிகள். வைரஸ் என்று நினைத்துப் பிரித்து மேய்ந்தேன். கடைசியில் அது ஒரு மேப் செய்த இசட் டிரைவ், அதாவது வெளி ஷேர் ஒன்றை இந்த பிசியின் டிரைவ்போலக் காட்டும் இணைப்பு. மூடிப்போன கிளை அலுவலகத்தின் பழைய ஐபி முகவரிக்கு, லாகின் செய்யும்போதெல்லாம் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. அந்த முகவரியை இணைப்பு நிறுவனம் எப்போதோ வேறு யாருக்கோ கொடுத்திருக்கும். அந்த யாரோ நல்லவராக இருந்ததால் இத்தனை நாள் தப்பித்தோம்.

"இதை யார் தம்பி போட்டது?" என்றார் ஆடிட்டர்.

2015-இல் அந்தக் கிளையை இணைத்துக் கொடுத்தது நான்தான்.