ஒபெலிஸ்க்: அடுப்படியில் பிறந்த பெயர்

எகிப்தின் கர்னக் கோயிலில் அரசி ஹட்செப்சுட் நிறுத்திய கல் இன்றும் நிற்கிறது. உயரம் கிட்டத்தட்ட 30 மீட்டர். எங்கும் ஒட்டு இல்லாத ஒரே கிரானைட் கல். நான்கு பட்டையாக எழுந்து, மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் ஒரு சின்னஞ்சிறு பிரமிடாக முடிகிறது. இதை மலையிலிருந்து வெட்டி எடுக்க ஏழு மாதம் ஆனதாக அரசியே அதன் அடிப்பீடத்தில் பொறித்து வைத்திருக்கிறார்.

இந்த வடிவத்துக்கு உலகம் வழங்கும் பெயர் ஒபெலிஸ்க். தமிழில் எழுதுவோர் சிலர் இதைத் தூபி என்கிறார்கள், சிலர் கோபுரம் என்கிறார்கள், சிலர் நினைவுத்தூண் என்கிறார்கள். மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் ஒபெலோஸ் என்றால் இறைச்சியைக் கோத்து நெருப்பில் வாட்டும் கம்பி. ஒபெலிஸ்கோஸ் என்றால் சிறிய கம்பி. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்திய மன்னன் ஒருவன் கோயிலுக்கு அளித்த இந்தக் கற்களைக் 'கல்லாலான ஒபெலோஸ்' என்றே குறிப்பிட்டார். ஒவ்வொன்றும் 100 முழம் உயரம் என்றும் எழுதினார். வானளாவிய கல்லைப் பார்த்த கிரேக்கனுக்குத் தன் வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. பிரமிடு என்ற பெயரும் கிரேக்கரின் கோதுமைப் பணியாரம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்று கருதுவோர் உண்டு. இதே ஒபெலோஸிலிருந்துதான் ஒபோல் என்ற நாணயப் பெயரும் பிறந்தது. இரும்புக் கம்பிகளே பணமாகப் புழங்கிய காலத்தின் எச்சம் அது. ஆறு ஒபோல் சேர்ந்தால் ஒரு டிராக்மா. டிராக்மா என்றால் ஒரு கைப்பிடி.

இந்த ஒபெலோஸுக்கு நேரான சங்கச் சொல் நம்மிடம் இருக்கிறது: காழ். கரிகாலன் அளித்த விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படை, 'காழின் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்கிறது. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு. முல்லைப்பாட்டிலோ பாசறையில் நட்ட நீண்ட கோல்கள் 'நெடுங்காழ்' ஆகின்றன. இறைச்சி கோக்கும் கம்பிக்கும் நிலத்தில் நடும் கோலுக்கும் ஒரே சொல்! கிரேக்கர் உவமையால் அடைந்த இடத்தைத் தமிழ் ஒரு சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது. ஒபெலிஸ்குக்கு நெடுங்காழ் என்றே பெயரிட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைய வாசகருக்கு உரை இல்லாமல் அது விளங்காது.

எகிப்தியர் வைத்த பெயர் வேறு: தெகென். அவர்கள் எழுத்தில் உயிரொலிகளைக் குறிப்பதில்லை என்பதால், இந்த உச்சரிப்பு அறிஞர்கள் வழக்கத்துக்காக அமைத்துக்கொண்டது. கம்பிக்கும் அவர்கள் எண்ணத்துக்கும் தொடர்பே இல்லை. உலகம் தோன்றியபோது நீரிலிருந்து முதலில் எழுந்த மேடு 'பென்பென்' என்பது அவர்கள் நம்பிக்கை. சூரிய வழிபாட்டு நகரமான ஹீலியோபோலிஸில் அந்தப் பெயரில் ஒரு புனிதக் கல் இருந்தது. ஒபெலிஸ்கின் கூர்நுனி அந்தப் பென்பென்னின் வடிவம். பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத் தகட்டால் அதைப் போர்த்தினார்கள். காலைக் கதிர் முதலில் அங்கேதான் பட்டு மின்னும். கோயில் வாயிலின் இருபுறமும் இணையாக நிறுத்துவது மரபு. ஹீலியோபோலிஸில் மன்னன் முதலாம் செனுஸ்ரெத் நிறுத்தியது சுமார் 3,900 ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எகிப்தின் அஸ்வான் கல்சுரங்கத்தில் ஒபெலிஸ்க் ஒன்று பாறையோடு பாறையாகப் படுத்துக் கிடக்கிறது. முடிந்திருந்தால் சுமார் 42 மீட்டர் நீளமும் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையும் இருந்திருக்கும். டோலரைட் என்ற கடினக் கல் உருண்டைகளால் இடித்து இடித்துக் கிரானைட்டைப் பொடியாக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் விரிசல் கண்டதும் வேலையை விட்டுவிட்டார்கள். ஒரு விரிசலுக்காக அவ்வளவு உழைப்பையும் கைவிட்டார்கள் என்றால், இந்தப் பொருளின் உயிர் எதில் இருக்கிறது என்று தெரிகிறது: அது ஒற்றைக் கல்லாக இருக்க வேண்டும்.

இதனால்தான் தூபி பொருந்தாது. அது ஸ்தூபத்திலிருந்து வந்த சொல். மண்ணும் செங்கல்லும் குவித்து எழுப்பிய பௌத்த மேடு அதன் மூலப்பொருள். கோபுரம் என்றால் நிலைகள் உண்டு, உள்ளே இடம் உண்டு. நினைவுத்தூண் என்பது இறந்தவரையோ நிகழ்ச்சியையோ நினைவுகூர்வது. தெகென் சூரியக் கடவுளுக்கு உரியது. குத்துக்கல் என்றும் சொல்லலாம் என்று தோன்றும். அது செதுக்காமல் நட்ட கல்.

வழி காட்டுவது அரபி. எகிப்தியர் இன்று இதை மிசல்லா என்கிறார்கள். மிசல்லா என்றால் மூட்டை தைக்கும் பெரிய ஊசி, நம் கோணி ஊசி. 1878இல் லண்டனிலும் 1881இல் நியூயார்க்கிலும் நிறுத்தப்பட்ட இணைக் கற்களுக்குக் 'கிளியோபாட்ராவின் ஊசி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கிளியோபாட்ரா பிறப்பதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் முன்பே எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோஸ் வெட்டுவித்தவை அவை. பெயரில் அரசி தவறு, ஊசி சரி.

ஆகவே நான் எழுதுவது ஊசித்தூண். கேட்டதும் வடிவம் கண்ணில் நிற்கிறது. எகிப்தியக் கல்லைத் தனித்துச் சுட்ட வேண்டிய இடத்தில் ஒற்றைக்கல் ஊசித்தூண் எனலாம். அப்போது, 1884இல் பல கற்களை அடுக்கிக் கட்டி முடித்த 169 மீட்டர் வாஷிங்டன் நினைவுச் சின்னம் ஊசித்தூண் மட்டுமே. பாரிஸில் 1836 முதல் நிற்கும் லக்சர் கல்லும், அதன் இணையாக லக்சர் கோயில் வாயிலிலேயே தங்கிவிட்ட மற்றொன்றும் ஒற்றைக்கல் ஊசித்தூண்கள்.