கையொப்பம் எதற்குச் சாட்சி?

கட்டற்ற இயங்குதளத்தில் ஒரு மென்பொருளை நிறுவும்போது யாரிடம் எதை ஒப்படைக்கிறோம் என்பதை அறிய, லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்துத் தரும் டெபியன் வழங்கலின் பொதி (நிறுவுவதற்கெனக் கட்டிய மென்பொருள் கோப்பு) ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே போதும். ‘டெப்’ என்று முடியும் அந்தக் கோப்பு, ‘ஏஆர்’ என்னும் பழைய யூனிக்ஸ் வடிவில் கட்டிய மூட்டைதான். உள்ளே மூன்றே உருப்படிகள். முதலாவது, ‘2.0’ என்ற வடிவ எண்ணை மட்டும் தாங்கிய சிறு உரைக்கோப்பு. இரண்டாவது, பொதியின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள் ஆகிய விவரங்களின் தொகுப்பு. மூன்றாவது, கணினியில் போய் அமர வேண்டிய கோப்புகள்.

பலரும் கவனிக்கத் தவறுவது இரண்டாவதைத்தான். நிறுவலுக்கு முன்னும் பின்னும், நீக்கலுக்கு முன்னும் பின்னும் இயங்க வேண்டிய குறுநிரல்கள் அதனுள் இருக்கலாம். புதிய பயனர் கணக்கை உருவாக்குவது, ஒரு சேவையைத் தொடங்கி வைப்பது போன்ற நியாயமான வேலைகளுக்காக வைக்கப்பட்டவை அவை. ஆனால் கணினியில் எதையும் மாற்றவல்ல ரூட் அதிகாரத்துடன் இயங்குபவை. ஆகவே, ஓர் உரைதிருத்தியை நிறுவுகிறவர், அதை ஒருமுறைகூடத் திறக்காவிட்டாலும், பொதியைக் கட்டியவர் எழுதிய கட்டளைகளுக்குத் தம் கணினி முழுவதையும் சிறிது நேரம் கையளித்துவிடுகிறார்.

இவ்வளவு பெரிய அதிகாரம் கொண்ட கோப்பு வழியில் மாற்றப்படவில்லை என்பதை ‘ஆப்ட்’ எனும் பொதி மேலாளர் எப்படி உறுதிசெய்கிறது? ஒவ்வொரு பொதியிலும் தனித்தனிக் கையொப்பத்தை அது தேடுவதில்லை. பொதிகளைச் சேமித்து வழங்கும் களஞ்சியத்தின் உச்சியில் ‘ரிலீஸ்’ என்னும் ஒரு கோப்பு இருக்கிறது. வழங்கலின் திறவுகோலால் மின்கையொப்பம் இடப்படுவது அது ஒன்றுதான். அதில் பொதிப்பட்டியல்களின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் மதிப்புகள், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்கள், உள்ளன. அந்தப் பட்டியல்களில் ஒவ்வொரு பொதியின் ஹாஷ் மதிப்பும் உள்ளது. நடுவில் ஒரே ஒரு பைட் மாறினாலும் சங்கிலி அறுந்துவிடும். முகம் தெரியாத எவரோ நடத்தும் பிரதி வழங்கியிலிருந்து (களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் கணினியிலிருந்து), குறியாக்கம் இல்லாத இணைப்பில் பொதியை இறக்கினாலும், மாற்றப்பட்ட பொதி பிடிபட்டுவிடுவது இதனால்தான். பழைய, ஓட்டையுள்ள பட்டியலையே ஒருவர் மீண்டும் மீண்டும் நீட்டி ஏமாற்றாதிருக்க, ‘ரிலீஸ்’ கோப்பில் காலாவதித் தேதியும் குறிக்கப்படலாம்.

ஆனால் கையொப்பம் சொல்வதெல்லாம், இந்தத் திறவுகோலை வைத்திருப்பவரிடமிருந்து இது வந்தது என்பதை மட்டுமே. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் எனும் குறியாக்க மென்பொருளின் பொதியில், ஒரு சோதனைக் கருவி தந்த எச்சரிக்கையைப் போக்கும் நல்லெண்ணத்தில் சில வரிகள் நீக்கப்பட்டன. விளைவாக, திறவுகோல்களை உருவாக்கத் தேவையான தற்போக்குத்தன்மையில் (ஊகிக்க முடியாமையில்) செயல்முறை எண், அதாவது இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண், மட்டுமே எஞ்சியது. ஒரே வகைக் கணினியில், ஒரே நீளத்தில் உருவாகக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 32,768-க்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம் குறை வெளிப்படும்வரை கையொப்பங்கள் அனைத்தும் செல்லுபடியாகவே இருந்தன.

வழங்கலுக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தைச் சேர்க்கும்போது சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. முன்பெல்லாம் அந்நிறுவனத்தின் திறவுகோல் ஒரு பொது வளையத்தில் கோக்கப்பட்டது. அங்கே இருந்த எந்தத் திறவுகோலும் எந்தக் களஞ்சியத்துக்கும் கையொப்பமிடலாம். இப்போது ஒரு திறவுகோல் ஒரு களஞ்சியத்துக்கு மட்டுமே என வரையறுக்க முடிகிறது. இது அவசியமான திருத்தமே. ஆயினும் இதைக் கொண்டே காரியம் முடிந்துவிட்டது என எண்ணுவது தவறு. அந்தக் களஞ்சியம் எந்தப் பெயரில் பொதி தரலாம் என்பதைத் திறவுகோல் கட்டுப்படுத்துவதில்லை. இசைப்பான் ஒன்றுக்காகச் சேர்த்த களஞ்சியம், நாளை பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும், இயங்குதளத்தின் அடிப்படை நிரலகத்தின் பெயரிலேயே உயர்ந்த பதிப்பெண்ணுடன் ஒரு பொதியை வைத்தால், அடுத்த மேம்படுத்தலில் அதுவே வந்து அமரும். இதைத் தடுக்க, அக்களஞ்சியத்தின் எல்லாப் பொதிகளுக்கும் எதிர்ம முன்னுரிமை எண்ணைக் கொடுத்துவிட்டு, தேவையான ஒரு பொதிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். நிறுவல் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு விதிகளைச் சொல்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

செயலிகளை வழங்கும் இன்னொரு முறையான பிளாட்பேக் வேறு வழியில் போகிறது: செயலியை அடைப்புக்குள் இயக்கி, பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை மட்டும் அதன் கையில் கொடுக்கப் பார்க்கிறது. எனினும், பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் முகப்பு அடைவு முழுவதிலும் எழுதும் உரிமையைச் செயலி கேட்டுப் பெற்றுவிட்டால், கட்டளைகளை இயக்கும் ஷெல் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து அடைப்பைவிட்டு வெளியேறிவிடலாம். அடைப்பு எவ்வளவு உறுதியானது என்பதை அந்த அனுமதிப் பட்டியலே தீர்மானிக்கிறது.

மூல நிரல் திறந்திருக்கிறதே, யாராவது பார்த்திருப்பார்கள் என்ற ஆறுதலை 2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தி ஆட்டிவைத்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநரான ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், தம் டெபியன் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைத் துருவிப் போய், எக்ஸ்இசட் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசிய நுழைவழியான பின்கதவு ஒன்றைக் கண்டார். அதை வைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயனுள்ள பங்களிப்புகள் செய்து, நிரலைப் பொறுப்பேற்று நடத்தும் பேணுநர் நிலைக்கு உயர்ந்தவர். தீய நிரல், சோதனைக்கான இருமக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை எழுப்பும் வரிகள், மூல நிரலின் மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தன. இன்னொரு நுணுக்கம்: எஸ்எஸ்எச் வழங்கிக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. சேவைகளை மேலாளும் சிஸ்டம்டி-க்குச் செய்தி அனுப்புவதற்காகச் சில வழங்கல்கள் தாமே சேர்த்த ஒட்டு எனும் நிரல் திருத்தம் வழியாகத்தான் எக்ஸ்இசட்டின் நிரலகம் உள்ளே வந்தது.

ஒரே மூலத்திலிருந்து இரு வேறு கணினிகளில் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே பொதி கிடைக்க வேண்டும் என்ற முயற்சியை டெபியன் 2013 முதல் நடத்திவருகிறது. கட்டிய நேரம், கோப்புகளின் வரிசை, அடைவின் பெயர் என அற்பமான காரணங்களால் பொதிகள் வேறுபடும். அவற்றை நீக்கிவிட்டால், கட்டும் வழங்கி ஒன்றில் நிகழும் சூதைப் பிறர் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆனால் எக்ஸ்இசட்டின் அந்த வெளியீட்டுத் தொகுப்பை எத்தனை கணினிகளில் கட்டியிருந்தாலும், பின்கதவும் பிசகின்றி அப்படியே கட்டப்பட்டிருக்கும். ஏனெனில் அங்கே கெட்டிருந்தது மூலம். அந்த இடைவெளியைக் காண, வெளியீட்டுத் தொகுப்பைக் கிட் களஞ்சியத்துடன் வரிக்கு வரி ஒப்பிட்டிருக்க வேண்டும், அல்லது தொகுப்பை ஒதுக்கிவிட்டுக் களஞ்சியத்திலிருந்தே பொதியைக் கட்டியிருக்க வேண்டும்.